பாக்கி இருந்த ஓர் ஆட்டம்

“அக்கா, நீ வேணும்னே தோத்தியா?”

தம்பி இதைக் கேட்டபோது அவனுக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினான்கு. ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் அவள். அவன் மடியில் சதுரங்கப் பெட்டி. பேருந்து குலுங்கும்போதெல்லாம் உள்ளே காய்கள் கலகலத்தன. ஜெயித்த பிள்ளை சிரித்துக்கொண்டல்லவா வர வேண்டும்? அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தான்.

“இல்லடா. கண்ணுக்குத் தெரியல” என்றாள் அவள்.

அவன் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. குழந்தைகள் பொய்யை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்து என்ன, அதற்குமேல் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்னப் பொய்தானே, பாசத்தில் சொன்னதுதானே என்று அவள் அதை மறந்தும் போனாள். அவன் மறக்கவில்லை.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த சதுரங்க கிளப்பில் அந்த நாளில் அவர்கள் இரண்டு பேரையும் மிஞ்ச ஆளில்லை. இரண்டு பேரில் அவள் ஒரு படி மேல். அப்போதுதான் வெளியூர்ப் பயிற்சி விடுதியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் கிளப்புக்கு ஓர் இடம்தான். கிளப் வாத்தியார் ஓரவஞ்சனை தெரியாத மனிதர். “உங்களுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிக்கறவங்க போகட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தின் நடுவில் ஓர் இடம் வந்தது. அவளுடைய குதிரை ஒரு தாவு தாவினால் தம்பியின் ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் மிரட்டும். ராஜா விலகித்தான் ஆக வேண்டும், ராணி போய்விடும், பிறகு ஆட்டத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் பலகைமேல் கவிழ்ந்திருந்த தம்பியின் தலையைப் பார்த்தாள். குதிரைக் காயைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற தலை. அப்பா போன பிறகு சரியாகச் சிரிக்காத பிள்ளை, அழைப்பு வந்த நாளிலிருந்து சோறு இறங்காமல் திரிந்தான். வீட்டில் அம்மா ஒற்றை ஆளாகத் தைத்துத் தைத்து முதுகு வளைந்துபோயிருந்தாள். அவளுக்கும் கூட ஒரு கை வேண்டும். இதையெல்லாம் பதினான்கு வயதுப் பெண் கணக்குப் போடவில்லை. அவள் மனசு தானாக உருகியது, அவ்வளவுதான். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள்.

அவன் போனான். வளர்ந்தான். பேர் வாங்கினான். ஒவ்வொரு ராத்திரியும் தூங்குமுன், அன்று ஆடிய ஆட்டத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஆடிப் பார்ப்பது அவன் வழக்கம். சில ராத்திரிகளில் பழைய ஆட்டங்களும் வரும். பெரிய பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்த நாளில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில், அந்தப் பழைய ஆட்டத்தைக் கிளப்பில் நின்று பார்த்திருந்த, வாய் நீளமான மாமா ஒருவர் எல்லார் எதிரிலும் போட்டு உடைத்தார். “உங்கக்கா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தாப்பா. இல்லன்னா இந்தக் கோப்பையெல்லாம் அவ அலமாரியில இல்ல இருந்திருக்கும்?”

தம்பி சமையலறைக்கு வந்தான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா சொல்றது நிஜமாக்கா? அந்தக் குதிரை உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

“நீ எனக்குக் குடுத்தது எடத்த இல்லக்கா. சந்தேகத்த” என்றான் அவன். குரலை உயர்த்தக்கூட இல்லை. “ஒருத்தன் எங்கிட்ட தோத்தா, நிஜமாவே தோக்கறானா, இல்ல என் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டுத் தோக்கறானான்னு இனிமே நான் எப்பிடிக் கண்டுபிடிக்கறது?”

அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது, நின்றது. தொலைபேசி விசாரிப்புகள் அம்மாவோடு முடிந்தன. அம்மா இறந்தபோது வந்தான், கூட்டத்தில் நின்றான், எல்லாம் முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அக்காவுக்குக் கல்யாணம் அமையவில்லை. மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கிளப். பல வருஷம் தொடாமலிருந்து, அம்மா போன பிறகுதான் மறுபடி காயைத் தொட்டாள். பழைய கூர்மை எங்கோ போயிருந்தது. கிளப்பில் எல்லாருக்கும் அவள் மருந்தக்கா. தலைவலியோடு வருகிறவர்கள் அவளிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவளையே ஜெயித்துவிட்டும் போனார்கள்.

இந்த வருஷம் ஊரில் பெரிய திறந்த போட்டி நடந்தது. யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம். தொழிற்பயிற்சிக் கல்லூரியின் பரீட்சைக் கூடத்தில் நீள மேஜைகளைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, பலகையும் கடிகாரமும் அடுக்கியிருந்தார்கள். மருந்தக்கா பேர் கொடுத்த பிறகுதான் சுவரொட்டி வந்தது. அதில் தம்பியின் படம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. அவள் சுவரொட்டிக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். பேரை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. கடவுளே, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

இந்த மாதிரிப் போட்டிகளில் முதல் சுற்று என்றாலே கிண்டல்தான். ஆட்டக்காரர்களைப் பலத்தின்படி வரிசையாக எழுதி, வரிசையை நடுவில் வெட்டி, மேல்பாதியின் முதல் ஆளுக்கு எதிரே கீழ்ப்பாதியின் முதல் ஆளை உட்கார வைப்பார்கள், இப்படியே கடைசிவரை. சிங்கத்துக்கு முன்னால் ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். ஒட்டியிருந்த தாளில் மருந்தக்கா தன் பேரைத் தேடினாள். மூன்றாம் பலகை. எதிரில் தம்பி.

“ஐயோ பாவம் மருந்தக்கா” என்றார் பக்கத்தில் நின்ற லாரிக்காரர். கிளப்பில் வாராவாரம் அவளோடு மல்லுக்கட்டுகிறவர். இருவரும் அக்கா தம்பி என்பதை அறியாதவர். “சீக்கிரம் தோத்துட்டு வந்துடுங்க. காபி வாங்கி வெக்கறேன்.”

“நீங்க யாரோட?”

“அஞ்சாம் பலகை. ஒரு சின்னப் பொண்ணு. மூஞ்சியில பால் வடியுது. அதுதான் பயமா இருக்கு. நம்மள நார் நாராக் கிழிக்கறது எல்லாம் இந்தப் பால்வடியற மூஞ்சிங்கதான்.” குரலைத் தாழ்த்தினார். “உங்காளு விஷயம் தெரியுமா? கம்பெனி அணியில இருக்காருல்ல, இந்தப் போட்டியில தேறலன்னா அணியிலேருந்து எடுத்துடப் போறாங்களாம். ரெண்டு வருஷமா எறங்குமுகம். மனுஷனுக்கு இத விட்டா வேற பொழப்பு கெடையாது. அதனால உங்களுக்கு ஈவு இரக்கமே காட்ட மாட்டாரு. தயாராப் போங்க.”

அவள் மூன்றாம் பலகைக்குப் போய் உட்கார்ந்தாள்.

தம்பி கடைசி நிமிஷத்தில் வந்தான். மற்றவர்களுக்கு அவர், அவளுக்கு மட்டும் அவன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பலகையைத்தான் பார்த்தான். ஆட்டம் தொடங்குமுன் கைகுலுக்குவது முறை. இடது கையை நீட்டினான். வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது.

“நல்லா இருக்கியா?” என்றாள் அவள், வாய்க்குள்.

“ம்.”

நடுவர் எல்லாரையும் கடிகாரத்தைத் தொடங்கச் சொன்னார். அதற்குப் பிறகு பேசக்கூடாது. பேசக்கூடாது என்ற சட்டத்துக்கு அன்று இருவருமே உள்ளுக்குள் நன்றி சொல்லியிருப்பார்கள்.

அவளுக்கு வெள்ளைக் காய்கள். சின்ன வயதில் அவர்கள் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடிய அதே பழைய தொடக்கத்தை ஆடினாள். அவளுக்கு வேறு தெரியாது. தம்பியின் புருவம் ஒரு கணம் உயர்ந்து இறங்கியது. பதில் காய்களை இடது கையாலேயே நகர்த்தினான், அதே கையாலேயே எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. அவன் பிறவி வலதுகைக்காரன். அவளுக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரம் போனதும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். ஆட்டக்காரர்கள் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். மருந்துக்கடையில் நாளெல்லாம் அட்டைகளை எண்ணிக் கொடுக்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா? அந்த மாத்திரையை வாங்க வருகிறவர்களை அவளுக்குப் பழக்கம். கல்லாவுக்கு முன்னால் நின்று சில்லறையைக் கீழே சிந்துவார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் கூச்சப்படுவார்கள். நடுக்கம் முதலில் ஒரு கையில் ஆரம்பிக்கும். அது திரும்பிப் போகிற வியாதி இல்லை.

அவளுக்குப் பலகை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காயை நகர்த்தினாள். தப்பான காய். ஒரு சிப்பாய் போயிற்று. பிறகு இன்னொன்றும் போயிற்று. தம்பி இரக்கம் காட்டவில்லை. ஒவ்வொரு காயையும் சரியான இடத்தில் வைத்து, கயிற்றை மெல்ல மெல்ல இறுக்கினான். அவளுக்கு அதில் ஒரு விசித்திரமான ஆறுதல் கிடைத்தது. வியாதி கையோடு நின்றிருக்கிறது, உள்ளே போகவில்லை. எதிரில் இருப்பது அக்கா என்று அவன் ஒரு காயைக்கூடத் தளர்த்தி ஆடவில்லை. மனுஷனை மனுஷனாக நடத்துவது என்றால் இதுதானோ என்று நினைத்துக்கொண்டாள்.

லாரிக்காரர் எழுந்து போகிற வழியில் அவர்கள் பலகைக்குப் பின்னால் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை, பால்வடியும் மூஞ்சி வேலையை முடித்துவிட்டது போலிருக்கிறது. மருந்தக்காவின் நிலைமையை ஒரு பார்வை பார்த்தார். காபி குடிப்பதுபோல் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வெளியே நடந்தார்.

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. முதல் சுற்றுகள் சீக்கிரம் முடியும். ஆனால் மருந்தக்கா தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே இருந்தாள். தம்பிக்கு நேரம் குறைந்துகொண்டு வந்தது; இடது கையால் எழுதுவதிலேயே பாதி நேரம் போயிற்று. ஒருமுறை அவன் தூரத்து மூலையில் இருந்த யானையை எடுக்கக் கையை நீட்டினான். களைப்பில் வலது கை மேஜைக்கு அடியிலிருந்து மேலே வந்து விளிம்பைப் பிடித்தது. பிடித்த கை படபடவென்று அடித்துக்கொண்டு வழுக்கி, பக்கத்தில் நின்ற அவனுடைய ராணிமேல் பட்டது. ராணி சாய்ந்து சுழன்றது.

சதுரங்கத்தில் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். அந்த நிலையில் ராணியை எங்கே நகர்த்தினாலும் அவனுக்கு நஷ்டம். கை தவறிப் பட்டால் அது தொட்டதாகாது என்று சட்டம் உண்டுதான். ஆனால் நடுவரைக் கூப்பிட வேண்டும், கை ஏன் தவறியது என்று சொல்ல வேண்டும். தம்பி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். தான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது மேஜைமேல் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது.

காயை நேராக்க வேண்டுமென்றால், தொடுமுன் ‘சரிசெய்கிறேன்’ என்று ஆட்டக்காரர் சொல்வார். அப்படிச் சொன்னால் அது தொட்டதாகாது. ஆடவேண்டிய முறை யாருடையதோ அவர்தான் அதைச் சொல்லலாம். முறை தம்பியுடையது. மருந்தக்கா கையை நீட்டினாள்.

“சரிசெய்யறேன்” என்று சொல்லி, அவன் ராணியை நிமிர்த்தி, கட்டத்தின் நடுவில் வைத்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் தன் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அவன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து யானையை நகர்த்தினான். அவள் நிமிரவில்லை. கை செய்த பிழை வியாதியுடையது. அதைப் பொறுத்துப்போவதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பது இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்து வரப்போவதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கூடத்தில் இப்போது அவர்கள் பலகை ஒன்றுதான் மிச்சம். உதவிக்கு இருந்தவர்கள் அந்தக் கோடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவர் வாசலுக்கு வெளியே போய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சுவரோரம் மின்விசிறி ஒன்று காரணமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பி ராணியை முன்னால் ஒரு கட்டம் ஏற்றினான். கடிகாரத்தை அழுத்தினான். அடுத்த காயில் அவளுடைய ராஜாவுக்கு வழியில்லை, ஆட்டம் முடிந்துவிடும். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் பலகையைவிட்டுத் திரும்பி, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தான். ஒற்றைக் கையால் பிதுக்கப் பார்த்தான். வரவில்லை.

மருந்தக்கா பலகையைப் பார்த்தாள். தோற்க ஓர் அழகான இடம் இருக்கிறதா என்றுதான் தேடினாள். அப்போது அவளுடைய குதிரை கண்ணில் பட்டது. அது ஒரு தாவு தாவினால் மூலையிலிருந்த கறுப்பு ராஜாவுக்கு செக். அதே தாவலில், இப்போதுதான் ஒரு கட்டம் ஏறிவந்த ராணிக்கும் குறி. அந்தக் குதிரையை வெட்ட அவனிடம் காய் இல்லை. ராஜா விலகித்தான் ஆக வேண்டும். ராணி போய்விடும்.

அவள் மறுபடி பார்த்தாள். மறுபடியும் அதே.

வேண்டுமென்றே விட்டிருப்பானோ? ஒரு நொடி அப்படித் தோன்றியது. அவன் மாத்திரையோடு போராடிக்கொண்டிருந்தான். முகத்தில் வெறும் களைப்புதான் இருந்தது. இல்லை, அவன் பார்க்கவில்லை. உலகமெல்லாம் ஆடிவந்த அவள் தம்பி, குழந்தைகள்கூடக் கவனிக்கிற குதிரையைக் கவனிக்கவில்லை. வியாதி கையோடு நின்றிருக்கிறது என்று அவள் நினைத்தது தப்பு.

ஆண்டவனே, இது எதற்கு? என்று கேட்டாள். இவன்கிட்டேயிருந்து இன்னும் எதைப் பிடுங்க என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தாய்? முதல் சுற்றில், மருந்துக்கடைக்காரியிடம் தோற்றான் என்று நாளைக்கு ஊர் பேசும். அணி போய்விடும். அவன் அறிந்த ஒரே வேலை போய்விடும். அவள் தோற்றால் என்ன? காபி ஆறியிருக்கும். மருந்தக்கா தோற்பதைத்தானே எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். ஏன் குதிரையை ஆடவில்லை என்று உலகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை.

யானையை இறக்கித் தன் ராஜாவைக் காப்பாற்றுவதுபோல் பாவனை செய்யலாம். அது உதவாது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு நியாயமாகத் தெரியும். அவள் கை நீண்டது. விரல்கள் யானைக்கு ஒரு நூல் மேலே போய்விட்டன. தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும்.

மாத்திரை அட்டை மேஜைமேல் விழுந்த சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். தம்பி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் இப்போதுதான் பார்த்திருந்தான். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. அதை யாரும் நடிக்க முடியாது. குதிரையைப் பார்த்தான். தன் ராணியைப் பார்த்தான். யானையின்மேல் நிற்கும் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பேருந்து ஜன்னலோரம், மடியில் பெட்டியோடு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. இவன் தோற்பதற்குப் பயப்படவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் மறுபடியும் பாவப்பட்டுவிடுவாளோ என்றுதான் பயப்படுகிறான். இந்த ஆட்டத்தையும் இன்று ராத்திரி தூங்குமுன் முதலிலிருந்து ஆடிப் பார்ப்பான். இந்தக் குதிரைக்கு வருவான். வியாதிக்காரனுக்கு அக்கா போட்ட இன்னொரு பிச்சை என்று நினைத்துக்கொண்டு, நடுங்குகிற கையை மார்பில் அழுத்திப் பிடித்தபடி விடியும்வரை கிடப்பான்.

அவள் கையை யானையிடமிருந்து எடுத்தாள். மடியில் வைத்து விரல்களைச் சேர்த்துக்கொண்டாள். உதடு அசையாமல் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள். பிறகு குதிரையை எடுத்து, வைக்கவேண்டிய கட்டத்தில் வைத்தாள்.

“செக்” என்றாள். சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. சின்ன வயதில் அவர்கள் சொல்வார்கள்.

கடிகாரத்தை அழுத்தினாள். அவன் பக்கத்து எண்கள் இறங்க ஆரம்பித்தன. ராணி போன பிறகு ஆடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அது தெரிந்தும் அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோள்கள் மெல்ல இறங்கின. அழுகிறானோ என்று அவள் பயந்தாள். அவன் வலது கையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தான். எல்லாருக்கும் இடது கையைக் கொடுத்தவன், ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பலகைக்கு மேலாக அவளிடம் நீட்டினான்.

அவள் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கும் இதானேக்கா?” என்றான். “இதே குதிரை.”

“இதேதான்.”

“அன்னிக்கு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுடா.” இத்தனை வருஷம் தொண்டையில் நின்ற வார்த்தை. வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. “தெரிஞ்சுது. வேணும்னேதான் விட்டேன். அந்த ஒரு ஆட்டம்தான் நான் குடுத்தது. மத்ததெல்லாம் நீ ஜெயிச்சது. ஊர் உலகத்துல உனக்கு யாரும் பாவப்படல. யாருக்கும் அவ்வளவு நல்ல மனசு கெடையாது.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் தடுமாறி நின்றது.

“எப்பக் கண்டுபிடிச்ச? கையப் பத்தி.”

“மாத்திரைய வெச்சப்பவே. எத்தன வேள?”

“மூணு. அதுவும் இப்பப் பத்தல.” பலகையைப் பார்த்தான். “இந்த மாதிரி எடமெல்லாம் கண்ணுக்குத் தப்பிடுதுக்கா. மூணு நாலு மாசமா. யாருக்கும் தெரியாது. இதோட நிறுத்திக்கறேன். நாளைக்கு ஆடல.”

ஆறுதலாக ஏதாவது சொல்ல அவளுக்கு வாய் வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற வாய். அதை இவனிடம் சொல்லவில்லை. இன்றைக்கு இவனிடம் பொய் இல்லை என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

“அம்மா படுத்திருந்தப்ப உன்னப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றாள். “நீ ஆடற ஊரெல்லாம் சொல்லுவேன். கேட்டுட்டுத் தூங்கிடுவாங்க.”

அவன் தலையை ஆட்டினான். பார்வை அட்டையின்மேல் விழுந்தது. அவள் தன் மற்றக் கையால் அதை எடுத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். தினமும் செய்கிற வேலை. மாத்திரை அவன் பக்கத்துப் பச்சைத் துணியில் விழுந்தது. அவள் கொடுத்ததை இந்த முறை அவன் மறுக்கவில்லை. இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் குடித்தான்.

கூடத்தின் கோடியில் கடைசி நாற்காலியை அடுக்கிவிட்டு ஆட்கள் வெளியே போனார்கள். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் வலது கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. குருவிக் குஞ்சைப்போல் துடித்துக்கொண்டே இருந்தது. நிற்கிற துடிப்பு இல்லை அது என்று இருவருக்கும் தெரியும். கடிகாரத்தில் அவன் பக்கத்து எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.